தீச்சட்டியும் பதினைந்து அடி வளவும்

ஈஸ்ட்ஹாமில் கோடை வந்துவிட்டதை அறிந்துகொள்ள நாட்காட்டி தேவையில்லை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருக்கும் எங்கள் கடைகளின் வாசலில் மாம்பழப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு ஏறும். பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு வீடுகளின் கோடிப்புறத்திலிருந்து புகை எழும். ஒரு வீட்டில் கோழி வாட்டுவார்கள். அடுத்த வீட்டில் சும்மா நெருப்பை மூட்டிவிட்டுச் சுற்றிவர இருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். அதற்கடுத்த வீட்டுக்காரர் யன்னலைப் படாரென்று சாத்துவார்.

இந்தச் சும்மா நெருப்புத்தான் இன்றைய விடயம். இரும்பில் ஒரு பெரிய சட்டி, கீழே மூன்று கால், மேலே ஒரு கம்பிவலை. கடைகளில் 'ஃபயர் பிற்' என்று விற்கிறார்கள். எங்கள் சனம் அதற்குத் தீச்சட்டி என்று பெயர் வைத்துவிட்டது. அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்து எடுத்ததை இங்கே ஐம்பது பவுணுக்கு வாங்கித் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். 2021 பங்குனிக் கடைசியில், வீட்டுக்குள் ஆட்களைக் கூப்பிடாதே, தோட்டத்தில் ஆறு பேர் வரை கூடலாம் என்று அரசு அறிவித்தபோது, குளிருக்குள் வெளியே இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த பல வீடுகளுக்குத் தீச்சட்டி அந்த நேரத்தில்தான் வந்தது. கொரோனா போய்விட்டது. தீச்சட்டி போகவில்லை.

இதில் எனக்கொரு பேச்சுரிமை உண்டென்று நினைக்கிறேன். நான் படித்த படிப்பு தமிழ், அதுவும் பாதியில் நின்றது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னுடைய படிப்பு தொடரவில்லை. 2008 இல் லண்டன் வந்த நாளிலிருந்து உணவகங்களின் அடுப்படியில்தான் என் காலம் போகிறது. கோப்பை கழுவினேன், கொத்துரொட்டி கொத்தினேன், இப்போது தந்தூரி அடுப்புக்கும் நான்தான் பொறுப்பு. கையில் முழங்கைவரை உள்ள தழும்புகளை வைத்து நான் எத்தனை வருடம் வேலை செய்தேன் என்று கணக்கெடுக்கலாம்.

நெருப்பில் கவனம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு பதில் வரும். "எங்களுக்கோ நெருப்பைப் பற்றிச் சொல்லித் தாறாய்? நாங்கள் நெருப்புக்குள்ள வளர்ந்த ஆக்கள்."

உண்மைதான். நாங்கள் நெருப்புக்குள் வளர்ந்தவர்கள்தான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு எரிவாயு அடுப்பைத் தெரியாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்குத் தவம் கிடந்தோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தோம். பொச்சுமட்டை, சிரட்டை, ஊமல், பன்னாடை, காவோலை என்று எது எப்படி எரியும், எது தணல் பிடிக்கும், எது புகைந்தே சாகடிக்கும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, மாமரத்துக்குக் கீழே மூன்று கல்லை வைத்து அம்மா கஞ்சி காய்ச்சினார். மேலே விமானம் சுற்றும் என்பதால் பொழுதுபட முன்னர் நெருப்பை நூர்த்துவிட வேண்டும். வெளிச்சம் தெரியக்கூடாது.

ஆகவே எங்களுக்கு நெருப்புத் தெரியும். என்னுடைய வாதம் என்னவென்றால், எங்களுக்குத் தெரிந்தது யாழ்ப்பாணத்து நெருப்பு. அதைச் சுற்றி ஒரு வளவு இருந்தது. முற்றம் கூட்டி வெறுமண்ணாகக் கிடந்தது. மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் இருந்தது. வீட்டுக் கூரையில் காற்றுப் போக ஆயிரம் ஓட்டை இருந்தது. நெருப்பை அடக்கி வைத்தது எங்கள் கெட்டித்தனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதியை அடக்கி வைத்தது அந்த இடம். ஈஸ்ட்ஹாமுக்கு வரும்போது பழக்கத்தை மட்டும் கொண்டு வந்தோம். வளவு அங்கேயே நின்றுவிட்டது.

கணக்குப் பார்ப்போம். ஊரில் எங்களுடையது நாலு பரப்பு வளவு. பெரிய காணி இல்லை, நடுத்தரம். குப்பை எரிக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது அடி, வேலிக்கு இருபது அடி இருக்கும். வேலி கிடுகுவேலி, நெருப்பென்றால் பறந்துபோகும் சாமான். அதனால்தான் அந்த இருபது அடி. ஆச்சி அதை அளந்து வைக்கவில்லை. அவவுடைய ஆச்சி எரித்த இடத்தில் அவ எரித்தா. கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோயிலில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்துக்குக் காவோலை கட்டி எரிக்கும்போது ஊரே எவ்வளவு தூரம் விலகி நிற்கும்! ஒருவரும் மேசையில் வைத்து விளக்கம் சொல்வதில்லை. கால் தானாகவே பின்னுக்குப் போகும்.

இனி ஈஸ்ட்ஹாம். இங்கே வரிசை வீடுகள். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். நான் இருக்கும் வீட்டின் பின்தோட்டம் பதினைந்து அடி அகலம். நெருப்பை வேலி, கொட்டில், மரம் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. 3 மீற்றர் என்றால் கிட்டத்தட்டப் பத்து அடி. பதினைந்து அடி அகலத்தில் நட்டநடுவே வைத்தாலும் இரண்டு பக்கமும் ஏழரை அடிதான். அதாவது எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அந்த அறிவுரைப்படி நெருப்பு மூட்டவே முடியாது. வேலியோ பலகை. அதற்கு ஒவ்வொரு வருடமும் எண்ணெய் மை பூசுகிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் பிளாஸ்ரிக் குப்பைத்தொட்டி, பிள்ளைகளின் பிளாஸ்ரிக் சறுக்கு, கொடியில் உடுப்பு.

அப்படியானால் மூட்டவே கூடாதா? மூட்டாமல் இருப்பதுதான் உத்தமம் என்பது என் கருத்து. மூட்டத்தான் வேண்டுமென்றால் நெருப்பைச் சிறிதாக்குங்கள். இடத்தைப் பெரிதாக்க முடியாதவனிடம் மிச்சமிருக்கும் ஒரே வழி அதுதான். சட்டியின் விளிம்புக்கு மேலே விறகு எழும்பக் கூடாது. பொறி பறக்காமல் கம்பிவலை மூடி போட வேண்டும். புல்லிலும் மரத்தரையிலும் வைக்கக் கூடாது, கல் பதித்த தரையில் வைக்க வேண்டும். ஆற்றங்கல்லை அழகுக்கு அடுக்காதீர்கள். ஈரம் குடித்த கல் சூட்டில் வெடிக்கும். வீட்டுக்குள் நிற்கும்போது மரக்கொப்பு ஆடுவது தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். ஒரு வாளி தண்ணீரும் தண்ணீர்க் குழாயும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கியமாக, குடிக்காத ஒருவர் கடைசிவரை அதற்குப் பொறுப்பாக நிற்க வேண்டும். எங்கள் கூட்டங்களில் இந்தக் கடைசி நிபந்தனைதான் சிரமம் என்பது எனக்குத் தெரியும்.

காய்ந்த கோடை என்றால் சிறிய நெருப்பும் வேண்டாம். 2022 ஜூலை 19 ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தின் வெப்பம் 40 பாகையைத் தாண்டியதாகப் பதிவான முதல் நாள் அது. லிங்கன்ஷயரில் 40.3 பாகை. அன்றைக்கு எங்கள் அடுப்படியில் நின்ற வெப்பத்தை நான் அளக்கவில்லை, அளந்திருந்தால் வேலையை விட்டிருப்பேன். அன்று மத்தியானம் இங்கிருந்து ஏ13 வீதியில் கிழக்கே போனால் வரும் வெனிங்ரன் என்ற சிறிய கிராமத்தில் தீப்பிடித்தது. ஒரு வீட்டின் பின்பக்கத்தில் கிடந்த உரக்குவியலிலிருந்து அது தொடங்கியதாகச் செய்திகளில் வந்தது. காய்ந்த புல்லில் ஓடி இருபதுக்குக் கிட்டவான வீடுகளை அழித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தனக்கு இதுதான் வேலை மிகுந்த நாள் என்று லண்டன் தீயணைப்புப் படை சொன்னது. ஒருவருக்கும் உயிர் போகவில்லை என்பது பெரிய விடயம். ஆனால் அந்தச் சனம் உடுத்த உடுப்போடு வீதியில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்கவில்லை.

அடுத்தது மூட்டும் வேலை. ஊரில் விறகு ஈரமென்றால் மண்ணெண்ணெய் தெளித்து மூட்டுவோம். அது அவ்வளவு நல்ல பழக்கமில்லை, என்றாலும் மண்ணெண்ணெய் மந்தமான சாமான். சாதாரணச் சூட்டில் அதிலிருந்து எரியக்கூடிய ஆவி பெரிதாக எழும்பாது. நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் பற்றும். லண்டனில் மண்ணெண்ணெய் வீட்டில் இருப்பதில்லை. இருப்பது புல்வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கி வைத்த பெற்றோல். எங்கள் ஆட்கள் அதை எடுத்து மண்ணெண்ணெயைத் தெளிப்பதுபோலத் தெளிக்கிறார்கள். பெற்றோல் மார்கழிக் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, சட்டியைச் சுற்றி நிலத்தோடு பரவிக் கிடக்கும். குச்சியைக் கிழித்தவுடன் எரிவது விறகு இல்லை, நீங்கள் நிற்கும் காற்று. கையும் முகமும் கண்மடலும் போகும். எரிந்துகொண்டிருக்கும் நெருப்பில் போத்தலிலிருந்து ஊற்றினால் நெருப்பு அந்தத் தாரையில் ஏறிப் போத்தலுக்கே வரும். கடையில் சின்ன மெழுகுக் கட்டிகள் விற்கிறார்கள், ஒன்றிரண்டு போதும். இல்லாவிட்டால் எங்கள் சுவாமிப் படத்தட்டிலே கற்பூரம் இருக்கிறதே!

எரிக்கும் சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் நாங்கள் எரித்தது மரத்திலிருந்து விழுந்தது. இங்கே எரிப்பது கடையின் பின்பக்கத்திலிருந்து தூக்கி வந்த பலகைத் தட்டு, வீடு திருத்தியபோது கழற்றிய கதவுநிலை, உடைந்த அலுமாரி. பழைய மையில் ஈயம் இருக்கலாம். வெளியிடங்களுக்கென்று மருந்தேற்றிய பழைய பலகைகளில் ஆர்சனிக் இருக்கலாம். அலுமாரிப் பலகையில் பசை. அந்தப் புகையில் வாட்டிய கோழியைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். பலகைத் தட்டுகளில் முத்திரை இருக்கும். எச்.ரி. என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் நச்சு வாயு அடித்தது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டாலும் வேண்டாம். விறகு வாங்குவதென்றால், 2021 மே முதல் இங்கிலாந்தில் சின்னக் கட்டுகளாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கட்டில் அதற்கான அடையாளம் ஒட்டியிருக்கும். காய்ந்த விறகு புகையாது. புகையாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்த மாட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கதைத்தால், "இது எங்கட வளவு, அவனுக்கென்ன?" என்கிறார்கள். இந்த நகரம் புகையால் செத்த நகரம் ஐயா. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து இறங்கியதில் 4000 பேர் செத்ததாக அன்றைய கணக்கு. பிந்திய ஆய்வுகள் 12000 வரை சொல்கின்றன. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது அதனால்தான். நியூஹாம் இன்றைக்கும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. அந்த விதி முக்கியமாக வீட்டுப் புகைபோக்கிகளுக்கு, தோட்டத்தில் நெருப்பு மூட்டுவதைத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஆனால் புகையால் அயலவருக்குத் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 1990 ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில் கட்டளை அனுப்பலாம், மீறினால் நீதிமன்றம் அபராதம் போடலாம். வீட்டுக் குப்பையைப் புகையக் கொளுத்துவது அதைவிடப் பெரிய வில்லங்கம். சட்டம் கிடக்கட்டும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பங்களாதேஷ் குடும்பம். அவர்களுடைய மூத்த பிள்ளைக்கு இழுப்பு. தீச்சட்டி மூட்டுகிற நாளில் வேலிக்கு மேலால் முதலே ஒரு சொல் சொல்லிவிட்டால் அவர்கள் உடுப்பை எடுத்து யன்னலைப் பூட்டிக்கொள்வார்கள். ஊரிலே அடுத்த வீட்டில் வருத்தக்காரர் இருந்தால் அன்றைக்கு மிளகாய்கூட வறுக்க மாட்டோமே!

இனிப் பொங்கல். தைப்பொங்கலை அடுப்படியில் மின்சார அடுப்பில் பொங்க மனம் கேட்பதில்லை. மூன்று செங்கல், பானை, கோலம், கரும்பு என்று தோட்டத்தில்தான் பொங்க வேண்டும் என்று ஆசை. அது நல்ல ஆசை. என்றாலும் யாழ்ப்பாணத்துத் தை மாதத்துக்குச் சூரியன் வரும், லண்டன் தை மாதத்துக்கு மழைதான் வரும். மழை தூறியவுடன் எல்லோரும் சேர்ந்து பானையையும் கல்லையும் வீட்டோடு ஒட்டி இறக்கியிருக்கும் பிளாஸ்ரிக் தகட்டுக் கூரைக்குக் கீழே நகர்த்துகிறார்கள். தலைக்கு மேலே நான்கு அடியில் பிளாஸ்ரிக், முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கதவு, பெண்கள் உடுத்திருப்பது செயற்கை நூல் சேலை. மழை பெய்தால் பொங்கலை உள்ளே அடுப்பில் பொங்கிச் சூரியனுக்கு வாசலில் படையுங்கள். முகிலுக்குப் பின்னால் இருக்கும் சூரியனுக்கு இது விளங்காதா? வெளியே பொங்கும்போது முந்தானையை இழுத்துச் செருகுங்கள், நீளச் சால்வையைக் கழற்றி வையுங்கள், பருத்தி உடுங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால், எங்கள் வீட்டு வைத்தியங்களை நிறுத்துங்கள். தேங்காயெண்ணெய், பற்பசை, தேன், ஐஸ் கட்டி ஒன்றும் வேண்டாம். எங்கள் அடுப்படியில் முதல் பாடமே இதுதான். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளமானது, மணிக்கூட்டைப் பாருங்கள். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிப்பிடித்த துணியைப் பிய்க்காதீர்கள். சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை மேலே படரவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடுப்பில் பற்றினால் ஓடக் கூடாது, நிலத்தில் விழுந்து உருள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எரியும் நெருப்பைப் பற்றியது. என்னைப் பயப்படுத்துவது அணைந்துவிட்டதாக நினைக்கும் நெருப்பு. இந்த நகரத்தை 1666 செப்டெம்பர் 2 ஆம் திகதி பிடித்த பெருந்தீ, புடிங் லேன் என்ற தெருவில் ஒரு வெதுப்பகத்தில் தொடங்கியது. 13200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயின. அந்த வெதுப்பக உரிமையாளர் தோமஸ் பாரினர், தான் இரவு அடுப்பைச் சரியாக நூர்த்துவிட்டுத்தான் படுத்ததாகக் கடைசிவரை சொன்னார். அடுப்படியில் வேலை செய்பவன் என்ற முறையில் அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு இரவும் பதினொன்றரைக்குக் கடையைப் பூட்டும்போது நானும் அதையேதான் சொல்கிறேன். தீக்குப் பிறகு லண்டனில் வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோ கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நாங்கள் அந்தச் செங்கல் வீடுகளில் இருந்துகொண்டு பின்பக்கம் பலகையால் கொட்டில் அடித்து வைத்திருக்கிறோம்.

நீறு பூத்த நெருப்பு என்று மேடையில் பேசிப் பேசி அந்தச் சொல்லின் நேர்ப்பொருளையே மறந்துவிட்டோம். சாம்பல் மூடிய தணல் அடுத்தநாள் வரைக்கும் சுடும். மண்ணைப் போட்டு மூடினால் இன்னும் நீண்டநேரம் சுடும். காலையில் அதை அள்ளிப் பிளாஸ்ரிக் குப்பைத்தொட்டியில் போடுவார்கள், மத்தியானம் தொட்டி எரியும். அல்லது சின்னப்பிள்ளை வெறுங்காலோடு அதில் நடக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கிளறி, மறுபடி தெளிக்க வேண்டும். ஒரேயடியாக வாளியைக் கவிழ்த்தால் கொதியாவி முகத்தில் அடிக்கும். புறங்கையை மேலே பிடித்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் அது சாம்பல். அதன் பிறகும் மூடியுள்ள இரும்பு வாளியில் ஒருநாள் வைத்துவிட்டுத்தான் தொட்டிக்குப் போட வேண்டும்.

இனி, இந்தப் பதிவை என்னை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

2022 டிசம்பர் நடுப்பகுதியில் லண்டனில் பனி கொட்டியது. அந்தக் குளிர்காலம் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கட்ட முடியாமல் சனம் அந்தரப்பட்ட காலம். ஒரு சாதாரண வீட்டுக்கு வருடத்துக்கு 2500 பவுண் என்று அரசே கணக்குச் சொல்லியிருந்தது. நான் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பனியைப் பார்த்த உற்சாகத்தில் தோட்டத்தில் தீச்சட்டி மூட்டியிருந்தார்கள். ஐந்தாறு பேர். பக்கத்து வளவின் கொட்டிலில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெடியனும் குளிர்காய வந்திருந்தான். இருபத்துநான்கு வயது. அகதி விண்ணப்பம் நிலுவையில். வேலை செய்ய அனுமதி இல்லை. தெரிந்தவர்கள் கொடுக்கும் காசில் கொட்டிலுக்கு மாதம் 400 பவுண் கட்டுகிறான். பலகைச் சுவர், உள்ளே வெப்பம் நிற்பதற்குத் தடித்த நுரைத்தகடு அடித்திருக்கிறது, ஒரு யன்னல், அதுவும் குளிருக்காக ஒட்டுநாடா போட்டு அடைத்திருக்கிறது. மின்சூடாக்கிக்கு அட்டையில் காசு போட வேண்டும். காசு முடிந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. சட்டியில் தணல் சிவப்பாகக் கிடந்தது. அந்தப் பெடியன் இரண்டு பழந்துணியை எடுத்துச் சட்டியின் காதைப் பிடித்தான்.

"எங்க தம்பி கொண்டு போறாய்?"

"உள்ளுக்கு அண்ணை. சும்மா வீணாப் போற தணல்தானே. புகையும் இல்லை. விடியுமட்டும் சூடு நிக்கும்."

"வை அதைக் கீழ."

"என்ரை அம்மம்மா மார்கழிக்குக் கட்டிலுக்குக் கீழ தணல் சட்டி வைக்கிறவ அண்ணை. ஒண்டும் நடக்கேல்லை."

அவன் சொன்னதில் பொய்யில்லை. தணலை வீட்டுக்குள் வைத்துக் குளிர்காய்வது எங்களுக்கு இரண்டாயிரம் வருடப் பழக்கம். பாதியில் நின்ற என் படிப்பில் மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று, நெடுநல்வாடையில் கூதிர்காலத்தில் மக்கள் வாயகன்ற நெருப்புச் சட்டியில் குளிர்காய்வார்கள் என்பது. அந்தச் சட்டிக்குத் 'தடவு' என்று பெயர். அம்மம்மாவின் வீடு ஓலை வேய்ந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கைபோகும் இடைவெளி. காற்று இரவு முழுக்க உள்ளே வந்து வெளியே போகும். அம்மம்மாவைக் காப்பாற்றியது அந்த இடைவெளி.

கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. புகை நின்று தணல் மட்டும் கிடக்கும் நேரத்தில்தான் அது தாராளமாக வரும். எங்கள் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் விருப்பத்தோடு அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடிக்கும், வயிற்றைக் குமட்டும், சோர்வு வரும், நித்திரை வரும். தடிமன் என்று நினைத்துப் படுப்பார்கள், எழும்ப மாட்டார்கள். கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுப் படுத்தவர்கள் இந்த நாட்டில் செத்திருக்கிறார்கள். எங்கள் உணவகத்தில் தந்தூரி அடுப்பைக் கடையடைத்த பிறகும் தணல் முற்றாக ஆறும்வரை காற்றிழுக்கும் விசிறியை நிறுத்தக் கூடாது. சுவரில் அதற்கென்று ஒரு எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. அந்தக் கருவி ஒருமுறை கத்தியபோது நாங்கள் எல்லோரும் வீதிக்கு ஓடியிருக்கிறோம். அவ்வளவு பெரிய அடுப்படிக்கே அது. அவனுடைய கொட்டில் எட்டடிக்குப் பத்தடி.

இதையெல்லாம் பனிக்குள் நின்றபடி சொன்னேன். பெடியன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: "அப்ப நான் எங்க அண்ணை படுக்கிறது?"

நான் வாசித்த பாதுகாப்பு அறிவுரை எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தணலை உள்ளே கொண்டு போகாதே என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள் சூடாக்கி இருப்பவனுக்கு அந்த வசனம் போதும். சூடாக்கி இல்லாதவனுக்கு அந்த வசனத்துக்குப் பிறகும் இரவு இருக்கிறது. தண்ணீர் தெளித்துத் தணலை நூர்த்தோம். நண்பர் முன்னறையில் மெத்தை போட்டார். அந்தக் கிழமை முழுக்க அவன் அங்கேதான் படுத்தான். இருபது பவுண் கொடுத்து ஒரு காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் வாங்கி அவனிடம் கொடுத்தோம்.

நியூஹாம் கவுன்சில் 2013 ஜனவரியில், இங்கிலாந்திலேயே முதன்முதலாக, ஏறக்குறைய முழு நிர்வாகப் பகுதியிலும் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று கொண்டு வந்தது. தோட்டத்துக் கொட்டில்களில் ஆட்களைக் குடிவைத்துக் காசு பார்ப்பது பற்றி அந்த நாட்களில் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. கொட்டில்கள் ஒழிந்துவிடவில்லை. அவற்றில் படுப்பவர்களில் எங்கள் பெடியன்களும் இருக்கிறார்கள், வாடகை வாங்குபவர்களிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். முறைப்பாடு செய்தால் முதலில் தெருவுக்கு வருவது படுத்திருப்பவன் என்பதால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அப்படியான கொட்டிலிலிருந்து எட்டடி தூரத்தில்தான் நாங்கள் தீச்சட்டி மூட்டி, பழைய பாட்டுப் போட்டு, ஊரை நினைத்துக் கண்கலங்குகிறோம்.

ஆகவே அடுத்த முறை மூட்டும்போது, வேலிக்கு எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே என்று பார்ப்பதோடு இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் கோடியிலோ பக்கத்துக் கோடியிலோ கொட்டிலுக்குள் யாராவது படுத்திருக்கிறார்களா? கதவைத் தட்டிக் கேளுங்கள். இருந்தால் தணலை நூர்த்த பிறகு அந்த ஆளை வீட்டுக்குள் கூப்பிடுங்கள். பொங்கலென்றால் ஒரு கோப்பை பொங்கலும் குடுங்கள். சக்கரையை நெருப்பு நூர முதல் போட்டிருப்பீர்கள்தானே!